ஒரு பியாலா, ஒன்பது நிமிடம்

சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததிலிருந்து அந்தத் தேயிலை டப்பாவை யாரும் தனியாக விடவில்லை. அதைச் சுற்றி இரண்டு கயிறுகள். ஒன்றில் தாஷ்-கொரோ ஊர்க்காரர்கள் போட்ட முடிச்சு, இன்னொன்றில் சாரி-பூலாக் ஊர்க்காரர்கள் போட்ட முடிச்சு. உள்ளே பன்னிரண்டு படம் பிடித்த ஒரு ஃபிலிம் சுருள். பிடித்தவள் ஜிபார். அவள் பிறந்தது சாரி-பூலாக்கில். வாழ்க்கைப்பட்டது தாஷ்-கொரோவில். சிக்கலே அதுதான்.

கிர்கிஸ் மலையூரான ஆத்-பாஷியில் ஜிபாரைத் தெரியாத ஆள் கிடையாது. முப்பத்தொன்பது வயது, உயரம் கம்மி, வாய் நீளம். கடைவீதியில் முடிதிருத்துகிறவருக்குப் பக்கத்து அறையில் அவளுடைய ஸ்டுடியோ. புது நாடு, புது பாஸ்போர்ட் என்று ஆனதிலிருந்து மாவட்டத்தில் பாதிப் பேரின் முகம் அவளுடைய கழுவு தொட்டியில் மிதந்திருக்கிறது. மூக்கு பெரிதாக விழுந்துவிட்டது என்று புகார் சொல்லி வருகிறவர்களிடம், "கேமரா மூக்கை வளர்க்காதுண்ணே, அது உங்கப்பா செஞ்ச வேலை" என்பாள். கல்யாணம், தொட்டில் விழா, குழந்தை முதல் அடி வைக்கிற விருந்து என்று எந்தக் கூட்டமானாலும் நடுவில் முழங்கையால் இடித்து வழி செய்துகொண்டு அவள் நிற்பாள்.

சனிக்கிழமை நின்றது குதிரை மைதானத்தில். அக்டோபர் மாதம், மந்தைகள் மலையிலிருந்து இறங்கியாகிவிட்டது, உலாக் ஆட்டத்தின் இறுதிச் சுற்று. தலையில்லாத ஆட்டுடலைக் குதிரைமேல் இருந்தபடியே பறித்து, எதிரணியின் மண்தொட்டியில் போட வேண்டும். நேரம் முடிந்ததும் லாரிமேல் நிற்கும் நடுவர் ஜுமாலி சிவப்புக் கொடியை இறக்குவார். மூன்றுக்கு மூன்று என்று இருந்தபோது, கடைசி நொடியில் தாஷ்-கொரோக்காரன் ஒருவன் ஆட்டைத் தொட்டியில் போட்டான். கொடியும் இறங்கியது. எது முதலில்?

தூசி அடங்கியபோது முன்னூறு பேர் ஜுமாலியைச் சூழ்ந்திருந்தார்கள்.

"நான் கடிகாரத்தைப் பார்த்தேன், கையை இறக்கினேன்" என்றார் அவர். "அந்தத் தூசியில எனக்கு என் கையே தெரியல. ஆடு எங்க தெரியும்?"

சவுக்குகள் உயரத் தொடங்கிய நேரத்தில் ஜிபார் வாயைத் திறந்தாள். "நான் எடுத்திருக்கேன். ஆடு, தொட்டி, பின்னாடி லாரி, எல்லாம் ஒரே படத்துல இருக்கு."

முன்னூறு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அங்கேயே ஒப்பந்தம் ஆனது. படம் சொல்வதுதான் தீர்ப்பு. திங்கட்கிழமை மாலைத் தொழுகைக்குள் சொல்ல வேண்டும். அதுவரை பரிசுக் குதிரை ஜுமாலியின் கொட்டிலில் இருக்கும். சுருள் டப்பாவுக்குள் போய் முடிச்சு விழுந்தது. ஊருக்கு ஒரு காவலாள். தாஷ்-கொரோவிலிருந்து சேணம் தைக்கிற எசென்கான், அவள் கணவன் கலிபெக்கின் ஒன்றுவிட்ட அண்ணன். சாரி-பூலாக்கிலிருந்து குதிரை வளர்க்கிற தொக்தோசுன், அவளுடைய சொந்தத் தாய்மாமா.

வீட்டுக்குப் போகும் வழியில் கலிபெக் கேட்டான்: "அந்த ஃபிலிமா போட்டே?"

"அதைத்தான் போட்டேன்."

"அதைக் கழுவத் தெரியுமா உனக்கு?"

"இனிமேதான் தெரிஞ்சுக்கணும்."

கடைகளில் ஃபிலிம் வருவது நின்று ஒரு வருடமாகிறது. கையிருப்பில் இருந்தது, மலைகளை விமானத்திலிருந்து படம் பிடிக்க வைத்திருந்த அகலமான ஃபிலிம், ஒரு தகர டப்பா நிறைய. கலிபெக் ஒரு கட்டையில் இரண்டு சவர பிளேடுகளைப் பொருத்தி, இருட்டில் அதை ஆறு சென்டிமீட்டர் அகலத்துக்கு அறுத்துக் கொடுத்தான். பழைய சுருள்களின் கறுப்புத்தாளில் அதைச் சுற்றி, இரட்டைக் கண் கேமராவில் போட்டாள் ஜிபார். டப்பாமேல் எழுத்து எதுவும் இல்லை. எவ்வளவு கரைசல், எத்தனை நிமிடம், ஒன்றும் கிடையாது. அதிக நேரம் கழுவினால் படம் முழுக்கச் சாம்பல் பூத்துவிடும். குறைந்தால் ஆவிபோல ஒரு நிழல்தான் மிஞ்சும். ஆட்டம் பதிந்தது ஒரே சுருள். அது கெட்டால், பிறந்த ஊருக்காகக் கெடுத்தாள் என்று தாஷ்-கொரோ சொல்லும். புருஷன் ஊருக்காகக் கெடுத்தாள் என்று சாரி-பூலாக் சொல்லும். இரண்டு ஊர் விருந்திலும் இனி அவளுக்கு இடம் இருக்காது. கேமராவுக்கும்.

ஆனால் எட்கரின் நோட்டு இருந்தது.

பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் சீசா கழுவிக்கொண்டிருந்தவள் ஜிபார். ஒரு நாள் ஸ்டுடியோக்காரர் எட்கர், கழுவிய படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ உப்பு தீர்ந்துபோய், கடன் கேட்டு வந்தார். எதற்கு, எப்படி, ஏன் கறுக்கிறது, ஏன் வெளுக்கிறது என்று இவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவே அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. "அடுத்த தடவை உப்பையும் நீயே கொண்டு வா, மிச்சக் கேள்வியையும் கொண்டு வா" என்றார். அடுத்த வாரமே ஸ்டுடியோவில் சேர்ந்துவிட்டாள். போர்க்காலத்தில் ரயிலேற்றி இங்கே இறக்கிவிடப்பட்ட ஜெர்மன் குடும்பம் எட்கருடையது. கிர்கிஸ் மொழியில் சண்டை போடுகிற அளவுக்கு ஊறிப்போனவர். தொண்ணூற்றிரண்டில் குடும்பத்தோடு ஜெர்மனிக்குக் கிளம்பியபோது கேமராக்களையும் நோட்டையும் ஜிபாரிடம் விட்டுப் போனார்.

நோட்டில் நாற்பத்தோராம் பக்கம்: 'விமான ஃபிலிம். பழுப்புச் சீசா டெவலப்பர் ஒரு பியாலா. லிட்டர் ஜாடி நிரம்பும் வரை தண்ணீர். இருபது டிகிரி. ஒன்பது நிமிடம்.'

அளவுக் குடுவை உடைந்ததிலிருந்து அந்த ஸ்டுடியோவில் பியாலாதான் அளவு. நீலப் பூப் போட்ட, கைப்பிடி இல்லாத சாதாரணத் தேநீர்க் கிண்ணம். அன்றாட வேலைக்கு அதுவும் தேவைப்பட்டதில்லை. பொட்டலத்து மருந்து, பொட்டலத்துக்கு ஒரு லிட்டர், அவ்வளவுதான். பழுப்புச் சீசாவை ஜிபார் தொடுவது இதுதான் முதல் தடவை.

ஞாயிறு மத்தியானம், ஆட்டம் நடந்த அதே வெயிலில், கேமராவில் அதே வேகமும் அதே துளையும் வைத்து, தன் வீட்டு முற்றத்தில் கட்டியிருந்த சொந்த வெள்ளைக் குதிரையை ஒரு சுருள் முழுக்க எடுத்தாள். இருட்டில் அதைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டாள். நோட்டில் சொன்னபடி கரைசல் கலந்து, இருபது டிகிரிக்குக் கொண்டுவந்து, முதல் துண்டை ஒன்பது நிமிடம் கழுவினாள்.

குதிரை இருந்தது. இருந்தது என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். கண்ணாடிமேல் மூச்சு விட்டது மாதிரி ஒரு நிழல்.

புதுக் கரைசல், பதினான்கு நிமிடம். நிழல் கொஞ்சம் கூடியது, சாம்பலும் கூடியது. திங்கள் காலை இன்னொரு ஜாடி கலந்து இருபத்திரண்டு நிமிடம் போட்டாள். மூடுபனியில் நிற்கிற குதிரை. இதில் காலை எண்ணுவதே கஷ்டம், கொடியை எங்கே தேடுவது?

எட்கர் பொய் எழுதுகிற ஆள் இல்லை. எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தேதி போட்டிருக்கிறார். பின்னே எங்கே தப்பு? மருந்து செத்துவிட்டதா? சொட்டுச் சொட்டாக அதை ஒரு ஃபிலிம் துண்டின்மேல் விட்டுப் பார்த்தாள். விட்ட இடம் உடனே கரியாய்க் கறுத்தது. மருந்து உயிரோடுதான் இருக்கிறது. சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் கொஞ்சம்தான் மிச்சம். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து அடுத்த மருந்து வர ஒரு மாதமாகும்.

முன்னறையில் காவலாளர்கள் இருவரும் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மேசை, மேசைமேல் டப்பா. விருந்தாளி விருந்தாளிதான், எதற்காக வந்திருந்தாலும். ஜிபார் சமோவாரைக் கொதிக்கவைத்து, ரொட்டியும் வெண்ணெயும் பரப்பி, டீ ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஊற்றுவது என்றால் பியாலாவில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு மடக்கில் தீரும், உடனே கை நீளும், மறுபடி ஊற்ற வேண்டும். இன்னும் இருங்கள் என்பதற்கு அதுதான் மரியாதை. நிறைய ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தம். ஆத்-பாஷியில் அதைவிடப் பெரிய அவமானத்துக்குக் கத்தி எடுக்க வேண்டியிருக்கும்.

"என்ன புள்ள, கழுவிட்டியா?" என்றார் தொக்தோசுன்.

"இன்னும் ஒத்திகைதான் மாமா."

"கல்யாணப் பொண்ணுகூட இவ்வளவு ஒத்திகை பாக்கமாட்டா."

"உங்களுக்கு என்ன மாமா அவசரம்?" என்றார் எசென்கான். "தோத்த சேதியை நேரத்தோட கொண்டுபோகணுமா?"

"நான் குதிரையை ஓட்டிக்கிட்டுப் போக வந்திருக்கேன் தம்பி. நீ கயிறு தைச்சு வை, உன்கிட்டயே வாங்கிக்கிறேன்."

ஜுமாலி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "அந்தக் குதிரையை யாருக்காவது கொடுத்துத் தொலைங்க. நேத்து என் கொட்டில் கதவைக் கடிச்சுது, இன்னிக்கி என் மச்சானைக் கடிச்சுது."

"உங்க மச்சானைக் கடிச்சா நல்ல குதிரைதான்" என்றார் தொக்தோசுன்.

ஜிபார் சமோவார் பக்கத்தில் நின்றாள். எதிரே கயிற்றில் மூன்று துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்பது, பதினான்கு, இருபத்திரண்டு. நேரத்தைக் கூட்டினால் சாம்பல் வருகிறது. அப்படியென்றால் நேரம் இல்லை, வேறு எதுவோ. தண்ணீரா? மலைத் தண்ணீர், எட்கரும் இதே குழாயில்தான் பிடித்தார். சூடா? இருபதுக்கு ஒரு கோடு மேலே கீழே போகவில்லை. மாமாவின் கை நீண்டது. காலிப் பியாலாவை வாங்கினாள். கண் துண்டுகள்மேல், கை சமோவாரின் குழாய்மேல்.

எசென்கானின் வாய் ரொட்டியோடு நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தாள். அவள் நீட்டியிருந்த பியாலா விளிம்பு வரை நிறைந்து, தட்டிலும் வழிந்திருந்தது. நீட்டியிருந்தது தாய்மாமாவிடம்.

தொக்தோசுன் அதை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் மேசைமேல் வைத்தார்.

"ஆக, நான் கிளம்பணும்."

"மாமா, நான் வேணும்னு..."

"டப்பாவே இன்னும் திறக்கல. அதுக்குள்ள சாரி-பூலாக்கைக் கிளம்பச் சொல்லிட்டே. முடிவு பண்ணிட்டுத்தான் ஒத்திகை பாக்கறியா?" குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உன் அம்மா இருந்தா அவ மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைப்பா?"

எசென்கானுக்கும் சிரிப்பு வரவில்லை. "கை தவறியிருக்கும் மாமா" என்றார் மெதுவாக.

ஜிபார் அந்தப் பியாலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பு வரை நிறைந்த பியாலா. இப்படி ஊற்றிக் குடிக்கிற ஒரே ஒரு ஆளைத்தான் அவளுக்குத் தெரியும்.

எட்கர். எந்த வீட்டுக்குப் போனாலும் சமோவாரைத் தன் பக்கம் இழுத்து, தனக்குத்தானே விளிம்பு வரை ஊற்றிக்கொள்வார். அரைப் பியாலா குடிக்க நான் என்ன குருவியா என்பார். பிள்ளைகள் சிரிக்கும். "எட்கர் தன்னைத்தானே வெளியே போகச் சொல்றார்" என்பான் கலிபெக். அவர் ஜெர்மனிக்குப் பஸ் ஏறிய அன்றும் சொன்னான்: "இருபது வருஷமா தினமும் சொல்லிக்கிட்டிருந்தாரு. இன்னிக்கித்தான் காதுல விழுந்திருக்கு."

எட்கர் ஒரு பியாலா என்று எழுதினால் அது எட்கரின் பியாலா. ஜிபார் ஊற்றியதோ, விருந்தாளிக்கு ஊற்றுகிற கை. டீயோ மருந்தோ, மூன்றில் ஒரு பங்கில் தானாக நின்றுவிடுகிற கை. மருந்துக்கு மரியாதை செய்திருக்கிறாள், மூன்று தடவை.

"மாமா" என்றாள். "உங்களுக்கு நான் ஒரு ஆடு அறுத்து விருந்து வைக்கணும்."

"ஆடா?"

"அப்புறம் சொல்றேன். எந்திரிக்காதீங்க. எசென் அண்ணே, மாமா எந்திரிச்சா புடிச்சு உக்கார வைங்க."

"நானா? அவர் என்னைத் தூக்கி எறிவாரு."

அவள் அதற்குள் உள்ளே போய்விட்டாள். காலிப் பியாலாவில் பழக்கப்படி தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். மூன்று தடவை ஊற்றியபின்தான் நிரம்பியது. பழுப்புச் சீசாவை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கவிழ்த்தாள். கை வழக்கமான இடத்தில் நிற்கப் பார்த்தது. விடவில்லை. விளிம்புக்கு ஒரு மயிரிழை இருக்கும்போது சீசா காலியானது. மேலே லிட்டர் ஜாடி நிரம்பும் வரை தண்ணீர். அதில் ஒரு டீ கிளாஸ் மட்டும் எடுத்து, கதவைச் சாத்தி, கடைசித் துண்டை இருட்டில் ஒன்பது நிமிடம் ஆட்டினாள். ஹைப்போ. வெளிச்சம்.

குதிரை நின்றது. நாலு கால், வால், சேணத்தின் பித்தளை வளையம் உட்பட. துண்டைச் செய்தித்தாள்மேல் வைத்துப் பார்த்தாள். வானம் விழுந்த கறுப்பின் வழியே எழுத்துகள் மங்கலாக, ஆனால் படிக்கும்படி தெரிந்தன. அடர்த்தி சரி. எட்கர் பொய் எழுதுகிற ஆள் இல்லை.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு இருட்டறைக்குத் திரும்பினாள். தொக்தோசுன் வழியில் நின்றார்.

"தனியா விடமாட்டேன். இருட்டுல நீ என்ன செய்வியோ, யாருக்குத் தெரியும்?"

"அவர் வந்தா நானும் வருவேன்" என்றார் எசென்கான்.

"வாங்க. ஆனா எதையும் தொடக்கூடாது."

"இருட்டுல நீ எங்க நிக்கறேன்னு எப்படித் தெரியும்?" என்றார் மாமா.

கடைசியில் அவளுடைய சால்வையின் ஒரு முனையை மாமாவும் மறுமுனையை எசென்கானும் பிடித்துக்கொள்வது என்று தீர்மானமாயிற்று. ஆளுக்கொரு முடிச்சை அவிழ்த்தார்கள். விளக்கு அணைந்தது. ஃபிலிமைச் சக்கரத்தில் சுற்றும்போது சால்வை இரண்டு பக்கமும் இழுபட்டது.

"இழுக்காதீங்க."

"நான் இழுக்கல. அவன்தான்."

"இதுவும் உலாக்தான் மாமா" என்றார் எசென்கான் இருட்டுக்குள்ளிருந்து. "ஆடு மட்டும் உயிரோட இருக்கு."

யாரோ சிரித்தார்கள். மாமாவின் பக்கத்திலிருந்துதான் கேட்டது.

சக்கரத்தை வெளிச்சம் புகாத டாங்கிக்குள் வைத்து மூடியதும் எல்லோரும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். ஜிபார் கரைசலை ஊற்றினாள். ஒன்பது நிமிடம். இரண்டு காவலாளர்களும் சட்டைக் கையை மடித்துக் கடிகாரத்தை நீட்டினார்கள். நான்கு நிமிடத்துக்குள் இரண்டு கடிகாரத்துக்கும் இடையே அரை நிமிடம் விழுந்துவிட்டது.

"உங்க கடிகாரம் ஓடுது மாமா."

"குதிரைக்காரன் கடிகாரம் ஓடத்தான் செய்யும். உன்னுது தைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

"ரெண்டும் வேண்டாம்" என்று ஜிபார் மேசைமேல் இருந்த அலாரக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தாள். அரை நிமிடத்துக்கு ஒரு முறை டாங்கியைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். ஒரு முறை மாமா, ஒரு முறை எசென்கான். அலாரம் அடித்தது. ஊற்றிவிட்டு, அலசி, ஹைப்போ போட்டு, காத்திருந்து, மூடியைத் திறந்தாள்.

ஃபிலிம் ஈரமாகச் சுருளவிழ்ந்து இறங்கியது. பன்னிரண்டு சதுரம். பன்னிரண்டிலும் படம்.

சன்னலுக்குக் கொண்டுபோனாள். ஒன்பதாவது சதுரம். மாமாவிடம்தான் முதலில் நீட்டினாள். அவருக்கு வயது அறுபத்தேழு, எதிர்மலையில் மேயும் குதிரையின் நெற்றிச்சுட்டியைச் சொல்லிவிடுகிற கண்.

வெகுநேரம் பார்த்தார்.

"வானம் கறுப்பா இருக்கு. தூசி கறுப்பா இருக்கு. ஆட்டைப் போடறவன் பல்லுகூட கறுப்பு."

"நிறம்தான் மாமா மாறும். கை மேல இருந்தா மேலதான், கீழ இருந்தா கீழதான்."

மறுபடி பார்த்தார். ஆடு தொட்டியின் விளிம்பைத் தாண்டி, பாதி உடல் உள்ளே போயிருந்தது. போட்டவனின் இரண்டு கையும் காலி. பின்னால் லாரிமேல் ஜுமாலி, நீட்டிய கை, கையில் கொடி.

"கை மேல இருக்கு" என்றார் தொக்தோசுன். ஃபிலிமை எசென்கானிடம் நகர்த்தினார். "பாத்துக்க. முழுசா மேல இருக்கு. உங்களுதுதான்."

எசென்கான் பார்த்தார். இரண்டு நாளாகத் தொண்டையில் தேக்கி வைத்திருந்த கூச்சல் ஏனோ வெளியே வரவில்லை. "நல்லா விழுந்திருக்கு படம்" என்று மட்டும் சொன்னார்.

மாமா திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். பியாலாவை ஜிபார் பக்கம் தள்ளினார்.

"ஊத்து."

அவள் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினாள்.

"நிறைய ஊத்து."

"மாமா, அது மருந்து அளவு யோசிச்சுக்கிட்டே கை தவறினது. எட்கர் இப்படித்தான்..." என்று தொடங்கி, நோட்டு, ஒன்பது நிமிடம், குருவி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். எசென்கான் முழங்காலில் அடித்துக்கொண்டு சிரித்தார். மாமா சிரிக்காமல் கேட்டார்.

"ஆக, நீ என்னை அவமானப்படுத்தலேன்னா இந்தப் படமே வந்திருக்காது."

"வந்திருக்காது."

"அப்படின்னா தாஷ்-கொரோ ஜெயிச்சது என்னாலதான்."

"அப்படியும் சொல்லலாம் மாமா."

"அப்ப ஆடு ஒண்ணு போதாது. ரெண்டு அறு." பியாலாவை இன்னும் முன்னால் தள்ளினார். "தோத்தவன் கிளம்பணும். ஊத்து புள்ள, முதல்ல ஊத்தினியே, அதே மாதிரி."

விளிம்பு வரை ஊற்றினாள். நிதானமாகக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"அந்த நாலாவது சதுரத்துல இருக்கறது என் குதிரை செம்பழுப்பன்தானே?"

"ஆமா. ரெண்டு முன்னங்காலும் தரையில இல்ல."

"பெருசா ஒண்ணு போட்டு வை. தோத்த ஊர்ல காட்ட ஏதாவது வேணுமில்ல?"

அவர் குதிரையேறியதும் எசென்கானும் ஓடினார். சற்று நேரத்தில் ஜுமாலியின் வீட்டுப் பக்கமிருந்து ஆரவாரமும், அதற்கு நடுவே யாரோ கடிபட்ட சத்தமும் கேட்டன.

ஜிபார் ஃபிலிமைக் கயிற்றில் மாட்டிவிட்டு நோட்டை எடுத்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில், 'ஒரு பியாலா' என்ற இடத்துக்குக் கீழே எழுதினாள்: 'எட்கரின் பியாலா. விளிம்பு வரை. கிளம்பு என்று சொல்கிற அளவு.' பக்கத்தில் தேதி போட்டாள். பிறகு காலிச் சீசாவைக் கழுவப் போனாள்.